கடிகாரத்தால் இடமறிதல்

இக்காலத்திற் பிரயாணஞ் செய்வோர் வழிப்போக்கரை நிறுத்தி வழி கேட்பது அரிதாய்விட்டது. கையிலுள்ள தொலைபேசியைத் திறந்த மாத்திரத்தில், தாம் நிற்கும் தெருவும் திரும்பவேண்டிய மூலையும் அதிற் புலனாகின்றன. இஃது எங்ஙனம் நிகழ்கின்றதென்று கேட்டால், கற்றோரிற் பலரும், "வானத்திலுள்ள செயற்கைக்கோள் நம்மைப் பார்த்து, நாம் இருக்கும் இடத்தை நமக்குச் சொல்லுகின்றது" என்று விடை கூறுவர். இவ்விடை முற்றும் பிழையாகும். அக்கோள்கள் நம்மைப் பார்ப்பதில்லை. நாம் ஒருவர் உளோம் என்பதையே அவை அறியா. மணி ஒலிக்கும்பொழுது அதனைக் கேட்போர் யாவரென்று மணிக்குத் தெரியாததுபோல, அவை ஓயாது ஒரு செய்தியை உலகெங்கும் பரப்பிக்கொண்டிருக்கின்றன. கேட்குங் கருவியே கணக்கிட்டுத் தன் இடத்தைக் கண்டுகொள்ளுகின்றது. ஆதலினாலன்றோ ஒரே சமயத்திற் கோடிக்கணக்கான மக்கள் கேட்டாலும் அவற்றிற்கு நெருக்கடி உண்டாவதில்லை!

அக்கோள்கள் பரப்பும் செய்தியின் சாரம் இரண்டே வாக்கியங்களில் அடங்கும். "இப்பொழுது நேரம் இன்னது" என்பது ஒன்று. "நான் இருக்கும் இடம் இன்னது" என்பது மற்றொன்று. இவ்விரண்டை மாத்திரம் கேட்டு, பூமியின்மேல் எங்கோ நிற்கும் ஒருவன் தன் இடத்தைச் சில மீட்டர் பிசகில் அறிந்துகொள்ளுகின்றான். தூரத்தை அளக்கும் சங்கிலியோ, கோணத்தை அளக்கும் கண்ணாடியோ இம்முறையில் இல்லை. உள்ளவை கடிகாரங்களே. காலத்தை நுட்பமாய் அளப்பவனுக்கு இடம் தானே விளங்கும் என்பதுதான் இதன் அடிப்படை. இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. அதன் பழைய வரலாற்றைச் சிறிது நோக்கினாற் புதியது எளிதில் விளங்குமாதலின், அங்கிருந்தே தொடங்குவோம்.

கடலிற் செல்லும் மாலுமிக்கு வடக்குத் தெற்கை அறிவது கடினமன்று. துருவ நட்சத்திரம் அடிவானத்தினின்று எவ்வளவு உயர்ந்து நிற்கின்றதென்று அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும். கிழக்கு மேற்கை அறிவதே நெடுங்காலம் அவனுக்குப் பெருந்துன்பமாயிருந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், 4 நிமிஷத்திற்கு 1 பாகை வீதமாகின்றது. தான் நிற்கும் இடத்திற் சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில் கிரீனிச்சில் மணி என்னவென்று ஒருவனுக்குத் தெரியுமானால், அந்த வேறுபாட்டினின்று தன் தீர்க்கரேகையை அவன் கணித்துக்கொள்ளலாம். ஆனால் அலைகளில் ஆடியும், வெப்பதட்பங்களில் மாறியும் செல்லும் கப்பலில், கிரீனிச் நேரத்தை வழுவாமற் காத்துச் செல்லும் கடிகாரம் அக்காலத்தில் இல்லை. 1707-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கப்பற்படையொன்று தான் இருக்கும் இடம் தெரியாமல் ஸில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி, நான்கு கப்பல்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகளையும் இழந்தது. 1714-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தீர்க்கரேகை காணும் வழிக்கு 20,000 பவுன் வரை பரிசு கொடுப்பதாகச் சட்டம் இயற்றியது. தச்சுத் தொழில் கற்ற ஜான் ஹாரிஸன் என்பவர் தம் வாழ்நாள் முழுவதையும் இதிற் செலவிட்டு இயற்றிய நான்காவது கடிகாரம், 1761-62-இல் ஜமேக்காவுக்குச் சென்ற பிரயாணத்தில், 81 நாளில் ஏறக்குறைய 5 வினாடியே பிந்திற்று.

நம் சென்னையிலும் இதற்குத் தக்கதோர் உதாரணம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைக்கப்பட்ட வான ஆராய்ச்சி நிலையத்தின் கருங்கற்றூண் இன்றும் அங்குள்ள வானிலை அலுவலகத்தின் வளாகத்தில் நிற்கின்றது. 1802-இல் லாம்டன் என்பவர் பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்தியப் பெரும் முக்கோண அளவையில், தேசப்படங்களின் தீர்க்கரேகைகள் இந்நிலையத்தை ஆதாரமாகக் கொண்டே கணிக்கப்பட்டன. ஆகவே கிரீனிச்சுக்கும் சென்னைக்கும் உள்ள கால வேறுபாடு யாதென்பது முதலில் தெரியவேண்டியதாயிற்று. கடிகாரத்தை அங்கிருந்து இங்கே கொணர்ந்து ஒப்பிடுதல் இயலாமையின், இரு நிலையங்களுக்கும் பொதுவாகப் புலப்படும் வானக் கடிகாரங்களை நாடினர். வியாழனின் சந்திரர்கள் மறைந்து தோன்றும் கணங்களும், நமது சந்திரன் உச்சி கடக்கும் கணங்களும் அவ்வாறு உதவின. இவ்வகையால் தேசப்படங்களிற் கொள்ளப்பட்ட சென்னையின் தீர்க்கரேகை 80 பாகை 17 கலை 21 விகலை. பின்னாளில் தந்திக் கம்பியின் மூலம் தூரத்துக் கடிகாரங்களை நேரே ஒப்பிட வழி பிறந்தது; அப்பொழுது உண்மை அளவு ஏறத்தாழ 80 பாகை 14 கலை 54 விகலையே என்று தெரியவந்தது. வேறுபாடு 2 கலை 27 விகலை. காலக் கணக்கில் இது 10 வினாடிக்குச் சற்றுக் குறைவு. இச்சிறு பிழையால் சென்னை தன் உண்மையான இடத்தினின்று ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் படத்தில் நின்றது; அதனைப் பற்றிக்கொண்டு இந்திய தேசம் முழுவதும் நகர்ந்து நின்றது. ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தில் மாத்திரம் இதனாற் பிழை நேரவில்லை. எல்லாம் ஒருங்கே நகர்ந்தமையின் உள்ளூர்க் கணக்கு ஒழுங்காகவே இருந்தது. பழைய சர்வே படங்களின் ஓரத்தில் இத்திருத்தத்தைப் பற்றிய குறிப்பு அச்சிடப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பொதுவான பிழை தூரங்களைக் கெடுக்காது என்னும் இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்க. மேலே இது நமக்கு இருமுறை உதவும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 4-ஆம் தேதி ருஷியர் முதற் செயற்கைக்கோளாகிய ஸ்புட்னிக்கை ஏவினர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சிச் சாலையில் இருந்த இருவர், அது அனுப்பிய ரேடியோ ஒலியின் சுருதி, கோள் அணுகும்போது ஏறியும் அகலும்போது இறங்கியும் வருவதைக் கவனித்து, அதனின்றே கோளின் பாதையைக் கணித்துவிட்டனர். நாம் நிற்கும் இடம் தெரிந்தால் கோளின் பாதை தெரிகின்றது; அப்படியாயின், கோளின் பாதை தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரியவேண்டுமன்றோ? இத்தலைகீழ் யோசனையினின்று டிரான்ஸிட் என்னும் முறை பிறந்து, 1960-களிற் கப்பல்களுக்குப் பயன்பட்டது. ஆயினும் அதில் ஒரு கோள் தலைக்குமேல் வந்து போகும்வரை காத்திருக்கவேண்டும். விரைந்து செல்லும் விமானத்திற்கு அது பயன்படாது. இக்குறையை நீக்க 1973-இல் அமெரிக்கர் வகுத்த திட்டமே ஜி.பி.எஸ். என்பது. அதன் முதற் கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. முழு அமைப்பும் 1995-இல் நிறைவெய்தியது. பூமிக்கு 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு பாதைகளில், குறைந்தது 24 கோள்கள் சுற்றவேண்டுமென்பது ஏற்பாடு. ஒவ்வொன்றும் 12 மணிக்கு 2 நிமிஷம் குறைவான நேரத்தில் ஒரு முறை சுற்றி வரும். ருஷியரின் குளோனாஸ், ஐரோப்பியரின் கலிலியோ, சீனரின் பெய்டோ ஆகியவையும் ஏறக்குறைய இவ்வகையினவே.

இதன் உள்ளுறையை விளக்க ஒரு நேரான சாலையைக் கற்பித்துக்கொள்வோம். அதன் இரு முனைகளிலும் மணிக்கூண்டுகள் உள்ளன. இரண்டிற்கும் இடையே 3,500 மீட்டர். இரு மணிகளும் சரியாக நண்பகல் 12 மணிக்கு ஒருமுறை அடிக்கின்றன. ஒலி வினாடிக்கு 350 மீட்டர் செல்லுகின்றதென்று கொள்வோம். நடுவில் எங்கோ நிற்கும் ஒருவனுக்கு மேற்கு மணி 12 மணிக்கு மேல் 4 வினாடியிற் கேட்டால், அவன் அதற்கு 1,400 மீட்டர் தொலைவில் இருக்கின்றான். கிழக்கு மணி 6 வினாடியிற் கேட்கும்; அதற்கு 2,100 மீட்டர். இரண்டும் சேர்ந்து 3,500 ஆகிக் கணக்கு நேர்படுகின்றது. இவனுக்கு ஒரு மணியே போதுமானதென்று தோன்றும். அவன் கைக்கடிகாரம் சரியாயிருந்தால் அது மெய்யே.

அவன் கடிகாரம் 1 வினாடி முந்தியிருக்கின்றதென்று வைத்துக்கொள்வோம். அஃது அவனுக்குத் தெரியாது. அவன் கணக்கில் மேற்கு மணி 5 வினாடியிலும் கிழக்கு மணி 7 வினாடியிலும் கேட்கும். தூரம் முறையே 1,750, 2,450 மீட்டர் என்று அவன் எழுதுவான். கூட்டினால் 4,200 மீட்டர் வருகின்றது. சாலையோ 3,500 மீட்டரே. மிகுதியான 700 மீட்டர் எங்கிருந்து வந்தது? ஒலியைப் பொறுத்தவரை அது 2 வினாடி. மணி ஒன்றுக்கு 1 வினாடி வீதம் தன் கடிகாரம் முந்தியிருக்கின்றதென்று அவன் உணர்ந்து, அதனைக் கழித்துவிட்டால், பழையபடி 1,400 மீட்டர் என்னும் உண்மையான இடம் கிடைத்துவிடும். ஒரு மணி அதிகமாயிருந்ததால், இடத்தோடு சரியான நேரமும் அவன் கைக்கு வந்துவிட்டது! இந்த ஒரு யுக்தியை அறிந்தவன் இம்முறையிற் பெரும்பகுதியை அறிந்தவனாவான்.

சாலை ஒரு பரிமாணம் உடையது. அதற்கு இரண்டு மணி வேண்டியிருந்தது. சமவெளியில் நிற்பவனுக்கு மூன்று வேண்டும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் தெரியவேண்டிய நமக்கு நான்கு வேண்டும். மணிகளுக்குப் பதிலாகக் கோள்களையும், ஒலிக்குப் பதிலாக வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் செல்லும் ரேடியோ அலையையும் வைத்துக்கொண்டால் ஜி.பி.எஸ். ஆய்விடும். ஒரு கோளினின்று இவ்வளவு தூரம் என்று தெரிந்தால், நாம் அதனை நடுவாகக் கொண்ட ஒரு பெரிய கோளத்தின் மேற்பரப்பில் எங்கோ இருக்கின்றோம்; இரண்டு கோளங்கள் ஒரு வட்டத்தில் வெட்டிக்கொள்ளும்; மூன்று கோளங்கள் இரண்டு புள்ளிகளிற் சந்திக்கும்; அவற்றுள் ஒன்று பெரும்பாலும் பூமியை விட்டு வெகு தூரத்தில் இருக்குமாதலின் தள்ளிவிடலாம். நான்காவது கோள் இடத்திற்காக வந்ததன்று. நம் கையிலுள்ள மலிவான கடிகாரத்தைத் திருத்தவே வந்தது.

அக்கடிகாரத்தை மலிவானதென்று இகழ்வதற்குக் காரணம் உண்டு. ஒலி 1 வினாடியில் 350 மீட்டரே செல்லும். ஒளியும் ரேடியோ அலையும் வினாடியிற் பத்து லட்சத்தில் ஒரு கூறாகிய மைக்ரோ வினாடியிலேயே 300 மீட்டர் சென்றுவிடும். நூறு கோடியில் ஒரு கூறாகிய நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர். கோளினின்று புறப்பட்ட அலை நம்மை வந்தடைய, வினாடியின் ஆயிரத்தில் 67 முதல் 86 கூறு வரை ஆகும். இதனை நானோ வினாடிக் கணக்கில் அளந்தாலன்றி இடம் தெரியாது. தொலைபேசியிலுள்ள படிகக் கடிகாரமோ சில வினாடிகளுக்குள்ளேயே சில மைக்ரோ வினாடி வழுவக்கூடியது. எல்லார் கையிலும் அணுக் கடிகாரம் கொடுக்க இயலாது. ஆகையால் நல்ல கடிகாரங்களை வானில் வைத்து, மலிவான கடிகாரத்தைக் கணக்கினால் திருத்திக்கொள்ளும் இவ்வேற்பாட்டை வகுத்தவர்களுடைய புத்தி மெச்சத்தக்கது.

அலை வந்த கணத்தை அத்துணை நுட்பமாய் அறிவது எங்ஙனமென்று வாசகர் வினவலாம். கோளினின்று வரும் அலை நம்மை அடையும்பொழுது அதன் வலி பெரிதும் தேய்ந்து, கருவிக்குள் இயல்பாகவே எழும் இரைச்சலுக்குக் கீழே அமிழ்ந்து கிடக்கும். சந்தைக் கூச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்றது இது. ஆயினும் அம்முணுமுணுப்பு ஓர் ஒழுங்குடையது. ஒவ்வொரு கோளும் தனக்கே உரிய 1,023 குறிகள் கொண்ட ஒரு வரிசையை வினாடிக்கு ஆயிரம் முறை திரும்பத் திரும்பச் சொல்லுகின்றது. அவ்வரிசை நம் கருவிக்கும் மனப்பாடம். கருவி தானும் அதனை உள்ளுக்குள் ஓதி, வந்த ஒலியோடு முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்திப் பார்க்கும். இரண்டும் ஒத்துவிழும் இடத்தில் இரைச்சல் தன்னுள் தானே அடிபட்டுப்போக, குறிவரிசை மாத்திரம் ஓங்கி நிற்கும். எவ்வளவு நகர்த்தியபின் ஒத்தது என்பதே அலை வர எடுத்துக்கொண்ட காலமாம். எல்லாக் கோள்களும் ஒரே அலைவரிசையிற் பேசினும் ஒன்றோடொன்று கலவாமைக்கும் இவ்வரிசைகளின் வேற்றுமையே காரணம்.

"நான் இருக்கும் இடம் இன்னது" என்று கோள் சொல்லுகின்றதே, அதற்கு அது எப்படித் தெரிந்தது? தானாக அது அறியாது. பூமியின் பல பாகங்களிலும், இடம் துல்லியமாகத் தெரிந்த கேள்வி நிலையங்கள் உள்ளன. நமக்குத் தெற்கே இந்து மகா சமுத்திரத்திலுள்ள டீகோ கார்ஸியாவில் ஒன்று உண்டு. இவை கோள்களை ஓயாது கேட்டுக் கொலராடோவிலுள்ள தலைமை நிலையத்துக்குத் தெரிவிக்க, அங்கே ஒவ்வொரு கோளின் பாதையும் கடிகாரப் பிசகும் கணிக்கப்பட்டு மீண்டும் கோளுக்கு ஏற்றப்படுகின்றன. கோள் அதனைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கின்றது.

கோளிலுள்ள அணுக் கடிகாரத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஊசல் கடிகாரம் ஊசலின் ஆட்டத்தை எண்ணுகின்றது. அணுக் கடிகாரமோ குறிப்பிட்டதோர் அலையை அணுவின்மேற் செலுத்தி, அணு அதனை ஏற்கின்றதா என்று பார்த்து, ஏற்கும் சுருதியிலேயே தன்னை நிறுத்திக்கொள்ளுகின்றது. சீஸியம் அணுவின் அத்தகைய அலைவு 919,26,31,770 முறை நிகழும் காலமே 1 வினாடி என்று 1967-இல் உலக நாடுகள் வரையறுத்தன. கோள்களிற் பெரும்பாலும் ருபீடியம் என்னும் உலோகத்தின் அணுக்கள் பயன்படுகின்றன. இவை ஒரு நாள் முழுதும் ஓடினாலும் சில நானோ வினாடிகளே வழுவும்.

இவ்வளவு நல்ல கடிகாரங்களை வானுக்கு அனுப்பினால் வேறொரு விந்தை நேர்கின்றது. ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி, விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும். பூமியின் ஈர்ப்புக் குறைந்த உயரத்திலுள்ள கடிகாரம் வேகமாக ஓடும். வினாடிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் செல்லும் இக்கோள்களில், வேகத்தால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ வினாடி குறையும். உயரத்தால் 45 மைக்ரோ வினாடி கூடும். நிகரமாக நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி முந்துகின்றது. 1977-இல் சோதனையாக ஏவிய கோளொன்றிற் சீஸியம் கடிகாரத்தைத் திருத்தாமல் முதலில் ஓடவிட்டுப் பார்த்தனர். கொள்கை சொன்னபடியே அது முந்திற்று. அது முதல், மேலே சென்றபின் சரியாக ஓடும்படி, பூமியில் இருக்கும்போதே கடிகாரங்களைச் சிறிது மெதுவாக அமைத்து அனுப்புவது வழக்கமாயிற்று.

இதனைப் பற்றி எழுதுவோர் பலர், "இத்திருத்தம் செய்யாவிடின் நாளொன்றுக்கு 11 கிலோமீட்டர் இடம் பிசகும்" என்று எழுதுவர். 38-ஐ 300-ஆற் பெருக்கிப் பெற்ற கணக்கு இது. சற்று ஆழ்ந்து நோக்கின் இது பொருந்தவில்லை. நம் சாலையில் இரண்டு மணிகளும் 1 வினாடி முந்தி அடித்தால் கேட்பவன் இடம் பிசகுமா? அவன் தன் கடிகாரத்தின்மேற் பழியைப் போட்டு, இடத்தைச் சரியாகவே காண்பான்; நேரத்தில் மாத்திரம் 1 வினாடி ஏமாறுவான். எல்லாக் கோள்களுக்கும் பொதுவான பிழை, சென்னையின் தீர்க்கரேகைப் பிழையைப் போலவே, உள்ளூர்க் கணக்கைக் கெடுக்காது. கோளுக்குக் கோள் வேறுபடும் சிறு பகுதியே இடத்தைச் சில மீட்டர் தூரம் கெடுக்கும். ஆனால் காலமோ நாளுக்கு 38 மைக்ரோ வினாடியாகப் பெருகிக்கொண்டே போகும். காலத்தை நம்பியிருப்போருக்கு அது பொறுக்கத்தக்கதன்று.

காலத்தை நம்பியிருப்போர் யாவர்? இடத்தைத் தேடுவோரைக் காட்டிலும் அவர்களே உலக வாழ்க்கையிற் பெரும்பங்கு வகிக்கின்றனர் என்பேன். தொலைபேசிக் கோபுரங்கள் தம்முள் நேரம் ஒத்திருந்தாலன்றி ஒன்றின் அலை மற்றொன்றைக் கெடுக்கும். மின்சார வாரியங்கள் தூரத்து நிலையங்களின் மின்னோட்டத்தை ஒரே கணத்தில் ஒப்பிட இந்நேரத்தைக் கொள்ளுகின்றன. பங்குச் சந்தைகள் யார் முந்தி வாங்கினாரென்பதை இதனாற் குறிக்கின்றன. இவர்கள் கட்டடக் கூரையிலிருக்கும் கருவி, தன் இடத்தை அறிந்துகொண்டு சும்மாயிருக்கின்றது. அதற்கு வேண்டியது மணி ஒன்றே. 2016-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல், பழைய கோளொன்றை வேலையினின்று நீக்கும்போது நேர்ந்த தவற்றால், வேறு பல கோள்கள் உலகப் பொது நேரத்தைக் குறித்துச் சொல்லும் திருத்தத்தில் 13 மைக்ரோ வினாடி பிழையுடன் பல மணி நேரம் பேசின. வழிப்போக்கர் எவரும் வழி தவறவில்லை. இடங்காண்பதற்கு வேண்டும் குறி கெடவில்லை. ஆனால் பல நாடுகளில் தொலைபேசி, ஒலிபரப்பு நிலையங்களின் நேரக் கருவிகள் அபாய மணியடித்தன. அன்றுதான் தங்கள் இயந்திரங்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகின்றன என்பதைப் பலர் அறிந்தனர்.

இக்கோள்களின் நேரமும் நம் சுவர்க் கடிகாரத்தின் நேரமும் ஒன்றல்ல என்பதையும் இங்குச் சொல்லிவிடலாம். ஜி.பி.எஸ். காலம் 1980 ஜனவரி 6-இல் தொடங்கிற்று. பூமியின் சுழற்சி சீராக இல்லாமையால் உலக நேரத்தில் அவ்வப்போது ஒரு வினாடி கூட்டப்படும். கோள்களின் நேரத்திற் கூட்டுவதில்லை. இதனால் 2017 முதல் இரண்டிற்கும் 18 வினாடி வேறுபாடு நிற்கின்றது. கருவி அதனைக் கழித்தே நமக்குக் காட்டுகின்றது. இவ்வாறு வினாடி கூட்டும் தொல்லையை 2035-க்குள் கைவிடுவதென்று 2022-இல் அளவைகளுக்கான சர்வதேச மகாநாடு தீர்மானித்தது.

காலம் சரியாயிருந்தும் இடத்தைப் பிசகச் செய்யும் வேறு தடை ஒன்று உண்டு. தென்னிந்தியருக்கு அது சிறப்பாக உரியது. பூமிக்கு மேல் நூறு கிலோமீட்டர் முதல் பல நூறு கிலோமீட்டர் வரை, சூரிய கிரணங்களால் உடைந்த மின்னணுக்கள் நிறைந்த அயனமண்டலம் இருக்கின்றது. ரேடியோ அலை இதனூடே வரும்போது தாமதிக்கும். நம் கணக்கில் தூரம் கூடிவிடும். பூமியின் காந்த மத்தியரேகை இந்தியாவின் தென்கோடிக்கு அண்மையிற் செல்லுகின்றது. 1963-இல் தும்பாவில் ராக்கெட்டுத் தளம் அமைத்ததும், திருநெல்வேலியிற் பூகாந்த ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பதும் இக்காரணம் பற்றியே. காந்த மத்தியரேகையின் இரு புறத்தும் மின்னணுக்கள் மிகத் திரண்டு நிற்கும். சூரியன் மறைந்தபின் அவை குமிழி குமிழியாகக் கலைந்து, நட்சத்திரம் மினுக்குவதுபோல ரேடியோ அலையையும் மினுக்கச் செய்யும். சில மாலைகளிற் கருவி கோளைத் தவறவிடுவதும் உண்டு. இதற்கு மாற்று, இரண்டு அலைவரிசைகளிற் கேட்பதாகும். குறைந்த சுருதியுடைய அலை அதிகம் தாமதிக்குமாதலின், இரண்டின் வேறுபாட்டினின்று தாமதத்தைக் கணித்துக் கழித்துவிடலாம். உயர்ந்த கட்டடங்களுக்கிடையே அலை சுவரில் மோதி வளைந்து வருவதால் நேரும் பிழைக்கு இத்தகைய நல்ல மருந்து இல்லை.

இத்தகைய கடிகாரங்கள் பிறர் கையில் இருப்பதைப் பற்றியும் எண்ணவேண்டும். 1983 செப்டம்பர் 1-இல் கொரிய விமானமொன்று வழி தவறி ருஷிய எல்லைக்குட் சென்று சுடப்பட்டு, 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, ஜி.பி.எஸ். நிறைவேறியதும் பொது மக்களும் பயன்படுத்தலாமென்று அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. எனினும் 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொது மக்களுக்கான குறி வேண்டுமென்றே கெடுக்கப்பட்டு, இடம் நூறு மீட்டர் வரை பிசகும்படி செய்யப்பட்டிருந்தது. கெடுத்த வகை யாதெனில், கடிகாரத்தை அவ்வப்போது அங்குமிங்கும் அசைத்ததே. இதில் ஒவ்வொரு கோளின் அசைவும் வேறு வேறானமையின், கேட்போன் தன் கடிகாரத்தின்மேற் பழி போட்டுத் தப்ப வழியில்லை. இன்று அவ்வாறு செய்வதில்லை. ஆனால் குறி மிக மெலிந்ததாதலின், அண்மையில் நின்று வலிய அலை வீசி அதனை அமுக்கிவிடுவதும், பொய்க் குறி வீசிக் கப்பலையும் விமானத்தையும் ஏமாற்றுவதும் போர் நடக்கும் பிரதேசங்களில் நிகழ்ந்து வருகின்றன.

இவற்றை எண்ணியே இந்தியா தனக்கென நாவிக் என்னும் முறையை வகுத்தது. இது உலகம் முழுவதற்கும் உரியதன்று. இந்தியாவையும் அதனைச் சூழ்ந்த 1,500 கிலோமீட்டர் எல்லையையும் நோக்கியது. ஆகையால் ஏழு கோள்களே போதுமென்று கொண்டனர். மூன்று ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றுவன, நான்கு வடக்குத் தெற்காக எட்டு வடிவிற் சஞ்சரிப்பன. 2013 ஜூலை முதல் 2016 ஏப்ரல் வரை ஏழும் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவப்பட்டன. பெங்களூருக்கு அருகிலுள்ள பியாலாலுவில் இதன் தலைமை நிலையம் இருக்கின்றது. அயனமண்டலத்தின் தொல்லையை முன்னிட்டுத் தொடக்கத்திலேயே இரண்டு அலைவரிசைகள் வைக்கப்பட்டன.

ஆயினும் ராக்கெட்டும் கோளும் இங்கே செய்யப்பட்டனவேயன்றி, உள்ளிருந்த ருபீடியம் கடிகாரங்கள் வெளிநாட்டில் வாங்கப்பட்டவை. கோளுக்கு மூன்று வீதம் வைத்திருந்தும், முதற் கோளின் மூன்று கடிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதடைந்தன என்று 2017 தொடக்கத்தில் தெரியவந்தது. பின்னர் வேறு சில கோள்களிலும் அவ்வாறே நேர்ந்தது. அக்கோள்களின் மின்சாரம் குறையவில்லை, பாதை கெடவில்லை, பேசுவதும் நிற்கவில்லை. கடிகாரம் மாத்திரம் இல்லை. அதனால் அவை செய்திகளை அனுப்பப் பயன்படலாயினவேயன்றி இடமறிவிக்கப் பயன்படவில்லை. முதற் கோளுக்குப் பதிலாக 2017 ஆகஸ்டில் ஏவியது, வெப்பக் கவசம் பிரியாமையால் வீணாயிற்று. 2018 ஏப்ரலில் ஏவியது நிலைபெற்றது. ஆமதாபாத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் ருபீடியம் கடிகாரம் ஒன்றைச் செய்யும் முயற்சி இதற்கிடையே நடந்துவந்தது. 2023 மே மாதம் 29-ஆம் தேதி ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 என்னும் கோளில், இந்நாட்டிற் செய்த அணுக் கடிகாரம் முதன்முதலாக வானுக்குச் சென்றது. சாதாரணத் தொலைபேசிகளும் கேட்கக்கூடிய அலைவரிசை ஒன்றும் அதிற் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதனை அடுத்து 2025 ஜனவரி 29-இல் ஏவிய என்.வி.எஸ்.-02, கோளின் எஞ்சினுக்கு ஆக்ஸிகரணி செல்லும் வால்வு திறவாமையால், தனக்குரிய பாதையை அடையவில்லை.